செடிக்கு நோய் பார்க்கும் வேலை: கே.எல். பக்கமிருந்து தாவர நோயியல் ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்களுக்கு

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனை முடித்துவிட்டு யு.பி.யு. என்ற அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்கள், பயோடெக்னாலஜி பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர்கள், இந்த இரண்டு வகையினருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் திரும்பியவர்களும் வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் "செடிக்குக்கூட டாக்டரா?" என்று கேட்பார்கள். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் போய்த் தேயிலை வந்ததற்கு 1869-இல் அங்கே தலைகாட்டிய இலைத்துரு நோய் பெரிய காரணம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஆட்கள் எந்தப் பயிருக்குக் கூலியாகப் போனார்கள் என்பதில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) ஓட்டத் தெரிந்த பட்டதாரிகள் இந்த நாட்டில் நிறைய. நோய் கண்ட மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லக்கூடியவர்களும் தோட்டங்களில் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள்தான் குறைவு. கீழே வருவதெல்லாம் அந்த இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் வழி.

இது என்ன வேலை

நோய் எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது என்ற மூன்று கேள்விகள்தான் தாவர நோயியல். பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், நூற்புழு எல்லாம் இதில் அடக்கம். மூலக்கூறு உயிரியல் அதற்கு ஒரு கருவி. நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வைப் படித்து அது யார் என்று கண்டுபிடிக்கலாம், எந்த மரபணுவைக் கொண்டு செடியைத் தாக்குகிறது என்று பார்க்கலாம், செடி எப்படி எதிர்க்கிறது என்றும் பார்க்கலாம். பல்கலைக்கழக விளம்பரப் படங்களில் வெள்ளைக் கோட்டும் பைபெட்டும் மட்டும்தான் தெரியும். சேற்றுப் பூட்ஸையும் பாராங் கத்தியையும் அதில் காட்டுவதில்லை.

யார் என்று கண்டுபிடிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? பினாங்கு பாலேக் பூலாவ் டுரியான் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டுரியான் அடிமரத்தில் பட்டை கறுத்து, ஈரமாகி, செம்பழுப்பு நீர் வடிந்தால் பெரும்பாலும் அது பைட்டோப்தோரா பால்மிவோராவின் வேலை. பார்வைக்குப் பூஞ்சை போலவே இருக்கும், ஆனால் அது பூஞ்சை இல்லை. ஊமைசீட் என்ற வேறு கூட்டத்தைச் சேர்ந்தது. பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் மருந்துகள் பல உண்டு. எர்கோஸ்டெராலைத் தானே தயாரிக்காத இந்தக் கிருமியிடம் அவை எடுபடாது. அதற்குப் பாஸ்போனேட்டை மரத்தில் ஊசியாக ஏற்றுவார்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் தோட்டக்காரர் தப்பான மருந்துக்குக் காசு கொடுப்பார், மரமும் போகும்.

முதல் படி: எங்கே, என்ன படிப்பது

எஸ்.பி.எம்.மில் உயிரியலும் வேதியியலும் நன்றாக இருக்க வேண்டும். கணிதத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், பிற்பாடு புள்ளியியல் வந்து கழுத்தைப் பிடிக்கும். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசாங்க ஆராய்ச்சி வேலையை நினைத்துப் பார்க்க முடியாது. முவெட் ஆங்கிலத் தேர்வை அலட்சியம் செய்தவர்கள் முதுகலையில் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போதுதான் வருந்துவார்கள்.

கே.எல். வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது செர்டாங்கில் உள்ள யு.பி.எம். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. அதன் விவசாயப் புலத்தில் தாவரப் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நோயியல், பூச்சியியல், களையியல் மூன்றையும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்கலாம். எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தில் யு.பி.எம். என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கினால் வந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், வளாகம் பெரியது, பஸ்ஸோ வண்டியோ வேண்டும். மலாயா பல்கலைக்கழகத்தில் மரபியல், நுண்ணுயிரியல் பக்கம் வலு அதிகம், வாழை நோய் ஆய்வும் நடந்திருக்கிறது. பாங்கியில் யு.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம். பினாங்குக்காரர்கள் வீட்டை விட்டு நகரவே வேண்டாம். மிண்டனில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உயிரியல் பள்ளியில் ஃபியூசேரியம் பூஞ்சை ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. பேராசிரியர் பஹாருடின் சாலே அதில் பெயர் பெற்றவர்.

விவசாய அறிவியலா, பயோடெக்னாலஜியா? விவசாயம் படித்தவருக்கு டி.என்.ஏ. வேலையை ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பயோடெக் மட்டுமே படித்தவருக்குப் பயிரைப் பார்க்கும் கண்ணைக் கொடுக்க அதைவிட அதிக நாள் பிடிக்கும். எனவே இரண்டுக்கும் இடம் கிடைத்தால் விவசாயத்தை எடுங்கள் என்பேன். இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பயோடெக் படித்தவர்கள். ஏற்கெனவே பயோடெக் முடித்துவிட்டீர்களா? சரி, அதற்கும் வழி இருக்கிறது. விடுமுறையில் ஒரு தோட்டத்திலோ நாற்றங்காலிலோ போய் வேலை செய்யுங்கள். சம்பளத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: கையைப் பழக்குவது

இறுதியாண்டு ஆய்வுத் திட்டமும் தொழிற்பயிற்சியும் வரும்போது மற்றவர்கள் வேலை குறைந்த இடத்தைத் தேடுவார்கள். நீங்கள் ஒரு நோயுற்ற செடியை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கக் கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள். முதலிலிருந்து கடைசிவரை என்றால் என்ன என்பதை ஒரு மிளகாய்ப் பழத்தை வைத்துச் சொல்கிறேன்.

பழத்தில் குழிந்த வட்டப் புள்ளி இருக்கிறது, அதன் நடுவே வளைய வளையமாக இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த பொட்டுகள். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயோ என்று சந்தேகம். புதிதாக வருபவர்கள் புள்ளியின் நடுவிலிருந்து வெட்டுவார்கள். அங்கே செத்த திசுவும் அதைத் தின்ன வந்த மற்ற பூஞ்சைகளும்தான் இருக்கும். கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் ஓரத்தில் வெட்ட வேண்டும், அரை சென்டிமீட்டர் துண்டு போதும். அந்த ஓரத்தில்தான் நோய்க்கிருமி உயிரோடு முன்னேறிக்கொண்டிருக்கும். துண்டை நீர்த்த குளோராக்ஸ் ப்ளீச்சில் ஒரு நிமிடம் போல முக்கி எடுத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஒற்றி, பி.டி.ஏ. தட்டில் வைக்க வேண்டும். ஈரம் ஒற்றாமல் வைத்தால் பாக்டீரியா வழவழவென்று தட்டு முழுக்கப் பரவிவிடும்.

பி.டி.ஏ. என்பது உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்ந்த ஊட்டக்கூழ். கடையில் வாங்கும் பொடி என்றால் ஒரு லிட்டருக்கு 39 கிராம், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடம். இந்த எண்கள் தானாக மனதில் பதிந்துவிடும். வளர்ந்துவரும் விளிம்பிலிருந்து எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றி, அப்புறம் ஒற்றை வித்திலிருந்து தூய வளர்ப்பு எடுக்க வேண்டும். ஒற்றை வித்து எடுக்கும் வேலையில் பொறுமையில்லாதவர்கள் கழன்றுகொள்வார்கள். அந்தத் தூய வளர்ப்பை ஆரோக்கியமான பழத்தில் செலுத்தி, அதே புள்ளி வருகிறதா என்று பார்த்து, அதிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்பப் பிரித்தெடுத்தால்தான் "இதுதான் காரணம்" என்று சொல்லலாம். ராபர்ட் கோக் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இது, இன்றைக்கும் தேர்வாளர்கள் முதலில் கேட்பது இதைத்தான். செயற்கை ஊடகத்தில் வளராத துரு நோய்ப் பூஞ்சைகளுக்கும் வைரஸ்களுக்கும் இந்த விதியை அப்படியே பொருத்த முடியாது. அதற்கு என்ன செய்வார்கள் என்பதையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பைட்டோப்தோராவைப் பிடிக்க வேறு தந்திரம். டுரியான் மரத்தடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதன்மேல் இளம் டுரியான் இலைத் துண்டுகளை மிதக்கவிட வேண்டும். மண்ணிலிருந்து வெளியேறும் நீந்தும் வித்துகள் இலையைத் தேடி வந்து ஒட்டும். சில நாளில் இலையோரம் பழுப்பேறும், அந்த இடத்தை வெட்டி ஊடகத்தில் வைத்தால் ஆள் சிக்கிவிடும். இந்தத் தந்திரத்துக்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

மூன்றாம் படி: டி.என்.ஏ. பக்கம்

டி.என்.ஏ. பிரித்தெடுப்பது, பி.சி.ஆர்., டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டுவது, மாதிரியை அனுப்பி அதன் டி.என்.ஏ. வரிசையை வாங்குவது, வாங்கிய வரிசையைப் படிப்பது. இந்த ஐந்தும் தெரிந்தால் எந்த ஆய்வகத்திலும் காலூன்றலாம். யார் என்று கண்டுபிடிக்கப் படிக்கும் டி.என்.ஏ. பகுதி, பூஞ்சை என்றால் ஐ.டி.எஸ்., பாக்டீரியா என்றால் 16எஸ் மரபணு. 16எஸ் ஏறக்குறைய 1,500 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) நீளம், ஐ.டி.எஸ். அதில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும்.

செம்பனை வேர் மாதிரியான திசுக்களில் பாலிஃபீனால் என்ற பழுப்பேற்றும் வேதிப்பொருள் அதிகம். டி.என்.ஏ. பிரித்தெடுக்கக் கடையில் வாங்கும் கிட் பல நேரம் அங்கே கைவிரித்துவிடும், டி.என்.ஏ. பழுப்பு நிறமாக வரும், பி.சி.ஆர். வேலை செய்யாது. அப்போது சி.டி.ஏ.பி. என்ற பழைய பிரித்தெடுப்பு முறைதான் காப்பாற்றும். அதில் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனாலின் நாற்றம் பற்றி யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஃப்யூம் ஹூட்டுக்குள் வைத்தே திறங்கள், இல்லையென்றால் அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோரும் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

ஜெல்லில் உங்கள் மாதிரியின் பட்டை பளிச்சென்று வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்காதீர்கள். டி.என்.ஏ. சேர்க்காத வெற்று மாதிரியின் தடத்தைப் பாருங்கள். அதில் பட்டை இருந்தால் எங்கேயோ கலப்படம், மற்றதெல்லாம் குப்பை. நல்ல ஆய்வகத்தில் சூப்பர்வைசரின் விரல் முதலில் போகும் இடமும் அதுதான்.

அப்புறம் பிளாஸ்ட் தேடல், அதாவது உங்கள் வரிசையை ஏற்கெனவே பதிந்தவற்றோடு ஒப்பிடுவது. உங்கள் வரிசையை என்.சி.பி.ஐ. என்ற மரபணுக் களஞ்சியத் தளத்தில் போட்டால் 99 சதவீதம் பொருந்தும் பெயர்கள் வரிசையாக வரும். மேலே இருக்கும் பெயரை அப்படியே எழுதிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையைப் பதியலாம், தப்பான பெயரில் கிடப்பவையும் உண்டு. அதோடு ஃபியூசேரியம், கொல்லெட்டோட்ரிகம் (மிளகாய் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை) போன்ற கூட்டங்களில் ஐ.டி.எஸ். மட்டும் வைத்து இனத்தைப் பிரிக்கவே முடியாது. ஃபியூசேரியத்துக்கு டெஃப்-1 மரபணு வேண்டும், கொல்லெட்டோட்ரிகத்துக்குப் பல மரபணுக்கள் வேண்டும். வகைமாதிரி வளர்ப்பிலிருந்து (அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் வளர்ப்பு) எடுத்த வரிசைகளோடு ஒப்பிட்டு, உறவு காட்டும் மரவரைபடம் போட்ட பிறகுதான் பெயரை வாயால் சொல்ல வேண்டும். அதற்கு மெகா என்ற மென்பொருள் இலவசம். கேலக்சி தளத்தில் கணினி நிரல் தெரியாமலே பெரிய தரவுகளை அலசலாம். இருந்தாலும் ஆர் மொழியையும் கொஞ்சம் லினக்ஸையும் பட்டப்படிப்பு முடிவதற்குள் தொட்டுவிடுங்கள்.

நான்காம் படி: எந்த நோயோடு குடித்தனம்

முதுகலைக்குப் போகும்போது எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது, எந்த நோயை எடுக்கிறீர்கள் என்பது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது.

மிளகாய் ஆந்த்ராக்னோஸ் ஒரு வாரத்தில் பழத்தில் தெரியும். கேமரன் மலைத் தக்காளியைக் கொல்லும் ரால்ஸ்டோனியா வாடல் நோயும் வேகமானதுதான். நெல்லில் இலைக்கருகல் பாக்டீரியாவைச் செலுத்தினால் ஓரிரு வாரத்தில் காயத்தின் நீளத்தை அளந்துவிடலாம். செம்பனையின் அடித்தண்டு அழுகலோ முற்றிலும் வேறு கதை. நோய்க்காரணி கனோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சை. கிருமி நீக்கிய ரப்பர் கட்டையில் அதை வளரவிட்டு, அந்தக் கட்டையைச் செம்பனை நாற்றின் வேரோடு சேர்த்துப் பையில் வைப்பார்கள். அறிகுறி தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு முதுகலையில் இந்தச் சோதனையை ஒருமுறை தப்பாகச் செய்தால் மறுமுறைக்கு நேரமிருக்காது.

அப்படியென்றால் கனோடெர்மாவை விட்டுவிடலாமா? வேண்டாம். 1917-இல் குவாலா சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வணிகரீதியாக நட்டதிலிருந்து செம்பனை இந்த நாட்டின் முதன்மைப் பயிராக வளர்ந்துவிட்டது, அதன் முதன்மை நோய் இதுதான். பணமும் வேலையும் அங்கேதான் அதிகம். முதுகலையில் கனோடெர்மாவை எடுத்தால் மரபணு வெளிப்பாடு, கண்டறியும் முறை என்று ஆய்வகத்திலேயே முடியும் கேள்வியை எடுங்கள். நாற்றுச் சோதனையை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குழுவோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நீண்ட சோதனையை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பப்பாளியும் கவனிக்கத்தக்கது. 2003 வாக்கில் ஜொகூரில் தென்பட்ட நுனிக்கருகல், எர்வீனியா மல்லோடிவோரா என்ற பாக்டீரியாவால் வருவது, மார்டி (மலேசிய விவசாய ஆராய்ச்சி நிறுவனம்) 1987-இல் வெளியிட்ட எக்ஸோடிகா ரகத்தைப் பதம் பார்த்துவிட்டது. எதிர்ப்புத் திறன் கொண்ட ரகத்தைத் தேடும் வேலை இனப்பெருக்கமும் மூலக்கூறு உயிரியலும் சந்திக்கும் இடம். வாழை பிடிக்குமென்றால் ஃபியூசேரியம் வாடலின் டி.ஆர்.4 வகை இருக்கிறது. மண்ணில் புகுந்தால் பல ஆண்டுகள் கிடக்கும், எந்த மருந்துக்கும் அசையாது.

சூப்பர்வைசரும் பணமும்

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது பத்து பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை நான்கைந்து வரியில் எழுதுங்கள். டத்தோ, பேராசிரியர், டாக்டர் பட்டங்களைத் தவறாமல் போடுங்கள். பதில் வந்தால் நேரில் போங்கள். அறையிலிருந்து வெளியே வந்ததும் அவருடைய மாணவர்களைக் கேண்டீனில் பிடித்துத் தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். மாணவர்கள் நேரத்துக்கு முடிக்கிறார்களா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, ரசாயனம் தீர்ந்தால் வாங்க எத்தனை நாளாகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். ஆராய்ச்சி உதவியாளருக்கான மாதப்படி பெரும்பாலும் சூப்பர்வைசரின் நிதியிலிருந்து வரும். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற நிதிகளுக்குக் காலக்கெடு உண்டு. "உங்கள் நிதி எப்போது முடிகிறது?" என்ற கேள்வி மரியாதைக் குறைவு அல்ல. உங்கள் இரண்டாம் ஆண்டில் நிதி முடிந்தால் படியும் நின்றுவிடும், செர்டாங்கில் அறை வாடகை நிற்காது. யு.பி.எம்., யு.எஸ்.எம். போன்றவை தங்கள் முதுநிலை மாணவர்களுக்குச் சொந்த உதவித்தொகையும் வைத்திருக்கின்றன, போட்டி கடுமை.

ஐந்தாம் படி: தோட்டத்தில் பேசத் தெரிவது

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு தனி வசதி இங்கேதான். செம்பனையில் கனோடெர்மா தாக்கிய மரத்தை எப்படி அடையாளம் காண்பது என்று புத்தகம் சொல்லும். விரியாத குருத்துகள் இரண்டு மூன்றுக்கு மேல் நிற்கும், அடி மட்டைகள் ஒடிந்து பாவாடை போலத் தொங்கும், அடியில் வெள்ளை மொட்டாகத் தொடங்கி மினுமினுப்பான பழுப்புத் தட்டாக வளரும் பூஞ்சை தெரியும். இலையில் அறிகுறி தெரிகிறபோது அடித்தண்டின் உள்ளே பாதியாவது ஏற்கெனவே போயிருக்கும். நிலத்தின் வரலாற்றைப் புத்தகம் சொல்லாது. தென்னை இருந்த நிலத்தில், அதன் கட்டைகளை அகற்றாமல் செம்பனை நட்டால் இந்த நோய் அதிகம். எந்த வயலில் முன்பு தென்னை, எந்த வயலில் ரப்பர் என்று ஓய்வுபெற்ற ஒரு தமிழ் மண்டோருக்கு (கங்காணிக்கு) தெரியும், மேனேஜரின் கோப்பில் இருக்காது. "ஐயா, இங்கே முன்னாடி என்ன மரம் இருந்துச்சு?" என்று கேட்டு உட்காருங்கள். அவர் கை காட்டும் திசையை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் மாதிரி எடுங்கள். இன்றைக்கு அறுவடை செய்யும் தொழிலாளர்கள் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், அவர்களோடு பேச மலாய் வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது இலைகளைப் பழைய செய்தித்தாளில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, ஆய்வகம் சேர்வதற்குள் அழுகிவிடும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மழையில் கரையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரம் விட்டால் எல்லாம் வெந்துவிடும், ஐஸ் பெட்டி எடுத்துச் செல்லுங்கள். வாழைத் தோட்டத்திலிருந்து இன்னொரு வாழைத் தோட்டத்துக்குப் போகும் முன் பூட்ஸைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குங்கள். நோயைப் பார்க்கப் போனவரே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த வட்டாரத்தில் யாரும் உங்களை மறுபடி உள்ளே விட மாட்டார்கள்.

சட்டம், சுருக்கமாக

1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க இலாகா மாக்கிஸ். வெளிநாட்டிலிருந்து செடியோ மண்ணோ பூஞ்சை வளர்ப்போ கைப்பெட்டியில் கொண்டுவராதீர்கள், அனுமதி எடுங்கள். ரப்பரை அழிக்கும் தென் அமெரிக்க இலைக்கருகல் இந்தப் பக்கம் வராமல் இருப்பதற்கு இந்தக் கெடுபிடியும் ஒரு காரணம். மரபணு மாற்றிய உயிரினத்தோடு வேலை என்றால் 2007 உயிரிப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் நிறுவனக் குழுவிடம் முதலில் போக வேண்டும். உயிரியல் வளங்களைச் சேகரிப்பதற்கு 2017 சட்டம் தனியாக உண்டு. இதையெல்லாம் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், படிவத்தில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

வேலை எங்கே

அரசாங்கப் பக்கம் செர்டாங்கில் மார்டி, பாங்கியில் எம்.பி.ஓ.பி. (மலேசியச் செம்பனை வாரியம்), கெப்போங்கில் ஃப்ரிம் (வன ஆராய்ச்சி நிறுவனம்), ரப்பர் வாரியம், விவசாய இலாகா, மாக்கிஸ். ஆராய்ச்சி அதிகாரி என்ற பதவியை எல்லோரும் கியூ41 என்று சொல்லியே பழகிவிட்டார்கள், தர எண்கள் பிற்பாடு மாறின. எம்.பி.ஓ.பி., மார்டி போன்ற சட்டபூர்வ அமைப்புகள் தாங்களே ஆள் எடுக்கும், அவற்றின் தளங்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இலாகா வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிய வேண்டும். அழைப்பு வர நாளாகும், அதுவரை சும்மா இருக்காதீர்கள்.

தனியார் பக்கம் பெரிய தோட்ட நிறுவனங்கள் சொந்த ஆராய்ச்சிப் பிரிவு வைத்திருக்கின்றன. முன்பு சைம் டார்பி பிளாண்டேஷன் என்றிருந்த எஸ்.டி. கத்ரி, எஃப்.ஜி.வி., ஏ.ஏ.ஆர்., தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். பூச்சிமருந்து, விதை நிறுவனங்களும் வயல் சோதனைக்கு ஆள் எடுக்கும். டி.என்.ஏ. வரிசை பார்த்துக் கொடுக்கும் கம்பெனிகளிலும் கருவி விற்கும் கம்பெனிகளிலும் சேர்ந்தவர்களைச் சிலர் "ஆராய்ச்சியை விட்டுவிட்டார்" என்று பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அங்கே ஒரு வருடத்தில் பார்க்கும் மாதிரிகளின் எண்ணிக்கை முனைவர் பட்ட மாணவர் பார்ப்பதைவிட அதிகம்.

பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும், அதோடு கட்டுரைகள். புதிய நோயை முதன்முதலாகப் பதிவு செய்யும் சிறு குறிப்புகளை பிளாண்ட் டிசீஸ் இதழ் வெளியிடுகிறது, முதல் வெளியீட்டுக்கு நல்ல இடம். யு.பி.எம்.மின் பெர்த்தானிகாவும் எம்.பி.ஓ.பி.யின் செம்பனை ஆய்விதழும் உள்ளூரிலேயே இருக்கின்றன. காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வீட்டில் இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 2013-இல் செம்பனையின் முழு மரபணுத்தொகுதி நேச்சர் இதழில் வந்தது, ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவும் அதே ஆண்டு அதே இதழில் வந்தது. எம்.பி.ஓ.பி. முன்னின்று நடத்திய அந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்தவர்களில் ஒருவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி.

வெளிநாடு போக நினைத்தால், ஓராண்டு முதுகலைக்கு பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை உண்டு, ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். ஜப்பானின் மெக்ஸ்ட், காமன்வெல்த் உதவித்தொகை, வலென்சியாவை மையமாகக் கொண்ட ஐரோப்பிய எராஸ்மஸ் முண்டஸ் தாவர நலப் படிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். ஆய்வு என்றால் நார்விச்சில் ஜான் இன்னஸ் மையமும் செயின்ஸ்பரி ஆய்வகமும், நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகமும். போகிறவர்கள் வெப்பமண்டலப் பயிர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது, திரும்பி வரும்போது இங்கே இடம் கிடைக்கும். கோதுமைத் துரு நோயில் நிபுணராகி வந்தால் செர்டாங்கில் என்ன செய்வது?

நேர்காணலைப் பற்றிக் கடைசியாக. தோட்ட நிறுவனங்களில் ஒரு படத்தை நீட்டி "இது என்ன நோய்?" என்று கேட்பது உண்டு. உடனே பெயரைச் சொல்லாதீர்கள். ஒரு மரத்திலா, கூட்டமாகவா? அடி மட்டையிலா, மேல் மட்டையிலா? மணல் நிலமா? கடைசியாக உரம் எப்போது போட்டார்கள்? இப்படித் திருப்பிக் கேளுங்கள். செம்பனையின் அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகி, மேலே இன்னொரு இலையின் நிழல் விழும் பகுதி மட்டும் பச்சையாகவே இருந்தால் அங்கே கிருமியே இல்லை, மக்னீசியம் பற்றாக்குறை. அந்தப் படத்தைக் காட்டினால் பி.சி.ஆர். போடலாம் என்று சொல்பவர்கள் பலர். கீசரைட் என்ற மக்னீசியம் உரத்தைப் போடச் சொல்பவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள்.